வாப்பாவின் கையில் ரிமோட்

எங்கள் மலைநாட்டில் வெளிச்சத்துக்குப் பஞ்சம். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் தேயிலைப் பச்சையே சாம்பல் பூத்துப்போகும். அந்த மங்கலில் படம் எடுக்க வேண்டுமென்றால் கெமராவின் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அருவி நீர் பட்டுத்துணி போல வழிவதாகக் காட்ட விரும்பினால் அரை செக்கன், ஒரு செக்கன் என்று போகும். அதற்குள் கெமரா மயிரிழை அசைந்தாலும் பாறையின் விளிம்பு கலங்கிவிடும். கையில் பிடித்து எடுப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 50 மில்லிமீற்றர் லென்ஸ் என்றால் 1/50 செக்கன், 200 என்றால் 1/200, அதைவிட மெதுவாக எடுத்தால் ஆட்டம் தெரியும். அருவிக்கு இந்தக் கணக்கு உதவாது. முக்காலி வேண்டும்.

முக்காலி மட்டும் போதாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் வாப்பா. பொத்தானை அழுத்துகிற விரலே கெமராவை ஆட்டிவிடுமாம். பிலிம் காலத்தில் இதற்கென்றே ஒரு மெல்லிய கேபிள் இருந்தது. ஒரு முனையைக் கெமராவில் திருகி, மறுமுனையை அழுத்தினால் உள்ளேயிருக்கும் கம்பி நகர்ந்து ஷட்டரைத் திறக்கும். கேபிளை இழுத்துப் பிடிக்காமல் தொய்வாக விட வேண்டும். இல்லாவிட்டால் கையின் ஆட்டம் அதன் வழியாகவே போய்ச் சேரும். இன்றைய ரிமோட்டுக்கு அந்தக் கேபிளும் தேவையில்லை.

இந்த வசதி எதுவுமில்லாத காலத்தில் நம் மலைகளுக்கு வந்தவர் ஜூலியா மார்கரெட் கெமரன். பெயரைப் பார்த்து நான் முதலில் சிரித்தேன், கெமராக்காரிக்குக் கெமரன்! 48 வயதில் மகள் பரிசாகக் கொடுத்த கெமராவோடு தொடங்கி, இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்ததால் 1875 இல் இலங்கைக்கு வந்தார். 1879 இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலய வளவில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் இலங்கையில் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். லென்ஸின் மூடியைக் கையால் கழற்றி, எண்ணிக்கொண்டிருந்து, மறுபடி மூட வேண்டிய காலம் அது. சில படங்களுக்கு நிமிடக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரமும் எதிரே இருப்பவர் அசையாமலிருக்க வேண்டும். படங்கள் தெளிவில்லை என்று அவரை அன்று குறை சொன்னவர்கள் பலர். எனக்கென்னவோ அந்தக் கலங்கலில்தான் முகங்கள் மூச்சு விடுவதாகத் தோன்றுகிறது.

வாப்பா இருபது வருடங்களுக்கு மேலாகக் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய வலது கையில் நடுக்கம் வந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடிக்கத் தொடங்கினார். பிறகு ஒருநாள், "இனி இது உன்ட கெமரா மகள்" என்று என்னிடம் தந்துவிட்டார். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

போன விடுமுறையில் நானா கொழும்பிலிருந்து ஒரு ரிமோட் வாங்கி வந்தார். அதோடு வாப்பாவையும் கூட்டிக்கொண்டு தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென்கிளேயார் அருவிக்குப் போனோம். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு அருவி பழையபடி எந்நேரமும் பெருகுவதில்லை. அன்று தண்ணீர் இருந்தது. முக்காலியின் தடித்த கால்களை மட்டும் விரித்தேன். நடுத்தண்டை உயர்த்தவில்லை, காற்றுக்கு அது ஆடும். பையை அதன் கீழே தொங்கவிட்டேன். லென்ஸிலிருக்கும் ஆட்டந்தடுப்பியையும் நிறுத்தினேன். முக்காலியில் அது சில வேளை தானே ஆட்டத்தை உண்டாக்கும். பிறகு ரிமோட்டை வாப்பாவிடம் நீட்டினேன்.

"கை ஆடுது மகள்."

"ஆடட்டும் வாப்பா. கெமராவுக்குத் தெரியாது."

வாங்கிக்கொண்டார். ஆனால் அழுத்தவில்லை. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நுவரெலியாப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து, எங்கள் காலடி அதிர, கடந்து போனது. அதற்குப் பிறகும் கொஞ்சம் பொறுத்துத்தான் அழுத்தினார்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பாறையின் ஒவ்வொரு வெடிப்பும் தெளிவாக இருந்தது. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கைகள் மட்டும், அந்த ஒரு செக்கனுக்குள் அசைந்ததால், வெள்ளைப் புகைபோல விழுந்திருந்தன. வாப்பா அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் இடப்பக்கம் திருப்பு. வானம் கூடிப்போச்சு" என்றார்.

திருப்பினேன். பனிமூட்டம் வந்து அருவியை முழுதாக மூடும்வரை அவர் ரிமோட்டைத் திருப்பித் தரவில்லை.