ஒரு தலையும் பத்துப் பேரும்

போன மாசம் ஒரகடத்துல ஒரு டென்னிஸ் பால் டோர்னமென்ட். எங்க டீம் கையில மொத்தமே 10,000 ரூபா. அதுல 6,000-த்தை வெளியூர் பேட்ஸ்மேன் ஒருத்தருக்குக் குடுத்துட்டோம். ஐடியா அடியேனோடதுதான் :)

வழக்கமா எங்களுக்குப் பந்து போடுற தம்பி, நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா கிரவுண்டுக்கு வர 200 ரூபா ஆட்டோ காசு கேட்டான். பட்ஜெட் இல்லப்பான்னேன். அவன் வரல. ஸ்டார் 60 அடிச்சார். அப்படியும் தோத்தோம். பந்து போட ஆளில்ல!

ராத்திரி படுத்தா 2008 ஐபிஎல் ஏலம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு. ஒரு டீமுக்கு 50 லட்சம் டாலர்தான் வரம்பு. சென்னை அதுல 15 லட்சத்தை தோனிக்கே குடுத்துச்சு. முப்பது சதவீதம்! ஆனா அந்தக் காசுக்குக் கேப்டன், கீப்பர், ஃபினிஷர்னு மூணு வேலை முடிஞ்சுது. மிச்சத்துல ரெய்னா, முரளி, மோர்கல், ஹைடன், ஹஸ்ஸின்னு ஓட்டைய எல்லாம் அடைச்சாங்க. அந்த வருஷமே ஃபைனல்.

2025-ல லக்னோ 120 கோடில 27 கோடியை ரிஷப் பந்துக்குக் குடுத்துச்சு. கணக்குப் பாத்தா தோனியை விடக் கம்மி சதவீதம்தான். வேகப்பந்து ஆளுங்க காயத்துல படுக்க, பந்தும் கடைசி மேட்ச் வரைக்கும் பெருசா அடிக்காம இருக்க, டீம் ஏழாவது.

ஸ்டாருக்கு எவ்ளோ குடுத்தோம்ங்கறது பாதிக் கணக்குதாங்க. மிச்சக் காசு யாருக்குப் போச்சு, யாருக்குப் போகலங்கறது மீதி.

தம்பிக்கு போன் போட்டேன். "பரவால்லண்ணே"ன்னான். அதான் இன்னும் உறுத்துது.