நாலு சாம்பியனை அடிச்சவரு

ராத்திரி தூக்கம் வரலைன்னா பழைய பாக்ஸிங் படம் ஓட விடறது என்னோட கெட்ட பழக்கம். கறுப்பு வெள்ளை, புள்ளி புள்ளியா தெரியும், சத்தம் வேற கரகரன்னு. போன வாரம் வீட்டம்மா எட்டிப் பார்த்துட்டு, "யாருங்க அது, மூக்குல இப்படி ரத்தம் கொட்டுது?"ன்னு கேட்டாங்க. "மூக்கு ராக்கி மார்சியானோவோடது. கிழிச்சவரு எஸார்ட் சார்லஸ்"னேன். "அப்ப கிழிச்சவருதான் ஜெயிச்சாரா?" "இல்ல, எட்டாவது ரவுண்டுல தோத்துட்டாரு." உதட்டைப் பிதுக்கிட்டுப் போயிட்டாங்க :-)

1954 செப்டம்பர் சண்டை அது. எனக்கும் ரொம்ப வருஷமா சார்லஸ்னா மார்சியானோகிட்ட ரெண்டு தடவை தோத்த மனுஷர், அவ்வளவுதான். ஜூன்ல நடந்த முதல் சண்டையில 15 ரவுண்டும் நின்னாரு. மார்சியானோ எதிர்ல அப்படி நின்னவர் அவர் ஒருத்தர்தான். ஆனா ஹெவிவெயிட் அவரோட எடையே இல்லைங்கிறது எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சது.

அவரோட சொந்த வீடு லைட் ஹெவிவெயிட். 175 பவுண்டு, நம்ம கணக்குல 79 கிலோ சொச்சம். பாக்ஸிங் வரலாறு எழுதுறவங்க பலபேர் அந்தப் பிரிவுல எக்காலத்துக்கும் முதல் ஆள்னு இவரைத்தான் சொல்றாங்க. அந்தப் பிரிவோட பட்டம் மட்டும் அவர்கிட்ட ஒரு நாள்கூட இருந்தது இல்ல. தோத்ததால இல்லீங்க. பட்டத்துக்கான சண்டையையே கொடுக்கல.

கணக்கைப் பாருங்க. 1941ல பட்டம் வெச்சிருந்த அன்டன் கிறிஸ்டோஃபொரிடிஸ், அடுத்த வருஷம் ஜனவரியில சார்லஸ்கிட்ட மூணே ரவுண்டு. கஸ் லெஸ்னெவிச், 1949ல ஏழு ரவுண்டோட போதும்னு ஸ்டூல்லயே உட்கார்ந்துட்டாரு. ஆர்ச்சி மூரை மூணு தடவை. ஜோயி மாக்ஸிமை அஞ்சு தடவை. நாலு பேருமே ஏதோ ஒரு காலத்துல லைட் ஹெவிவெயிட் சாம்பியன்! அதிலயும் 1951 மே மாசக் கூத்தைக் கேளுங்க. மாக்ஸிம் அப்போ லைட் ஹெவிவெயிட் சாம்பியன், சார்லஸ் ஹெவிவெயிட் சாம்பியன். மாக்ஸிம் மேல ஏறி வந்து மோதி, தோத்துட்டு, தன்னோட பெல்ட்டைப் பத்திரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாரு. பந்தயத்துல இருந்தது சார்லஸோட பெல்ட் மட்டும்தானே.

ஒண்ணை மறைக்கக் கூடாது. 1943 ஆரம்பத்துல ஜிம்மி பிவின்ஸ்கிட்டயும் லாயிட் மார்ஷல்கிட்டயும் சார்லஸ் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. அப்புறம் ராணுவம். 1946ல திரும்பி வந்தவர் வேற ஆளு, ரெண்டு பேருக்கும் வட்டியோட திருப்பிக் கொடுத்தாரு.

அப்புறமும் ஏன் கிடைக்கல? அந்தக் காலத்துல யாரோட மோதறதுங்கிறது பெரும்பாலும் சாம்பியனோட மேனேஜர் கையில. ஆபத்தான ஆளு, டிக்கெட்டும் பெரிசா விக்காது, கறுப்பர் வேற. எந்த மேனேஜர் கூப்பிடுவாரு?

1948 தொடக்கத்தைத் தேதிவாரியா போட்டுப் பார்த்த அன்னிக்கு எனக்கு வயிறு எரிஞ்சது. ஜனவரி 13, கிளீவ்லாந்து: ஆர்ச்சி மூரை எட்டாவது ரவுண்டுல நாக்-அவுட். பட்டத்துக்குக் கூப்பிட இதைவிட என்ன வேணும்? யாரும் கூப்பிடல. பிப்ரவரி 20, சிகாகோ: சாம் பரூடிங்கிற இளைஞரோட சண்டை. பத்தாவது ரவுண்டுல விழுந்த பரூடி எழுந்திருக்கவே இல்ல, செத்துப் போயிட்டாரு. சார்லஸ் ஒடிஞ்சு போயி, கையுறையைக் கழட்டிடலாம்னே நினைச்சாரு. மார்ச் 5, நியூயார்க்: சாம்பியன் லெஸ்னெவிச் பட்டத்துக்காக மோதினாரு. யாரோட? பில்லி ஃபாக்ஸ். போன வருஷமே இதே லெஸ்னெவிச்கிட்ட பத்து ரவுண்டுல விழுந்தவர். இந்தத் தடவை முதல் ரவுண்டுலயே விழுந்தாரு.

ஃபாக்ஸும் கறுப்பர்தான். ஆனா அவருக்குப் பின்னாடி பிளிங்கி பலெர்மோங்கிற மாஃபியா ஆசாமி. 'ரேஜிங் புல்' பார்த்தவங்களுக்குச் சட்டுனு புரியும். ஜேக் லமோட்டா வேணும்னே தோத்துக் கொடுத்தது இதே ஃபாக்ஸுக்குத்தான், 1947 நவம்பர்ல. 1960ல அமெரிக்க செனட் விசாரணையில அவரே ஒத்துக்கிட்டாரு. அந்த ஜோடனை வெற்றிக்கு ரெண்டாவது வாய்ப்பு. மூரை மூணு தடவை சாய்ச்சவருக்கு ஒண்ணும் இல்ல. என்னத்த சொல்ல.

கதவு திறக்கலைன்னு மாடிக்குப் போனாரு சார்லஸ். ஜோ லூயிஸ் ஓய்வு பெற்ற இடத்துக்கு 1949 ஜூன்ல வால்காட்டை ஜெயிச்சு ஹெவிவெயிட் பட்டம். 1950ல திரும்பி வந்த லூயிஸையே 15 ரவுண்டு புள்ளிக் கணக்குல ஜெயிச்சாரு. சின்ன வயசுல இருந்து அவருக்கு லூயிஸ்தான் ஹீரோ. ஜனங்களுக்கும்தான், அதனால இவரை மன்னிக்கவே இல்ல.

பரூடிக்கு அப்புறம் சார்லஸ் பழைய வெறியோட அடிக்கவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றவங்க உண்டு. லூயிஸ் சண்டையைப் பார்த்தா எனக்கு அப்படி முழுசா நம்பத் தோணல, வஞ்சனை இல்லாமத்தான் அடிக்கிறாரு. ஆனா ஒண்ணு. நான் பார்த்த அவரோட படம் எல்லாமே பரூடிக்கு அப்புறம் எடுத்தது. மூரைச் சாய்ச்ச அந்த 175 பவுண்டு ஆளை நான் பார்த்ததே இல்ல. எது குறைஞ்சு போச்சுன்னு எதை வெச்சு ஒப்பிடறது?

கடைசிக் காலத்துல ஏ.எல்.எஸ். நோய், ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு வந்ததே அதே நோய், அவர் காலை முடக்கிடுச்சு. டபுள் பேஸ் வாத்தியம் வாசிக்கத் தெரிஞ்சவர், ஜாஸ் பிரியர். 1975 மே 28, சிகாகோவுல இறந்தாரு. வயசு 53.

இன்னிக்கு ராத்திரி லூயிஸ் சண்டையை மறுபடி போடப் போறேன். வீட்டம்மாவையும் பக்கத்துல உட்கார வைக்கணும். இதுல இவரு ஜெயிக்கிறாரு.