பயோஸ் வேறு, பற்றரி வேறு



இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பெற்றோருக்கும், என்னைப் போல் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

போன மாதம் பத்தாம் தரப் பிள்ளை ஒருத்தி பாடம் முடிந்ததும் வந்து நின்றாள்.

"சேர், எங்கட கம்பியூட்டர்ட பயோஸ் செத்துப் போச்சாம். மதர்போர்ட் மாத்தணும்டு கடைல சொன்னாங்களாம். வாப்பா விக்கப் போறாரு."

வாப்பா திரீவீல் ஓட்டுகிறார். மகள் படிக்கட்டும் என்று பழைய கணினி ஒன்றைத் தவணைக்கு வாங்கியவர்.

"ஓன் ஆகுதே இல்லையா?"

"எஃப் வன் அமத்தினா ஆகும் சேர். திகதிதான் ஒவ்வொரு நாளும் 2009ன்டு காட்டுது. இன்டர்நெட்டும் சரியா திறக்குதில்ல."

பயோஸ் செத்திருந்தால் திரையில் எழுத்தே வந்திராது. "இதக் கடைல கேட்டிருக்கலாமே?" என்றேன். அவள் கொப்பியைத் திறந்து காட்டினாள். நான் சொல்லி எழுதுவித்த குறிப்பு: "பயோஸ் அல்லது சீமாஸ் பற்றரியில் இயங்கும்." ஆசிரியர் கலாசாலைக் காலத்தில் நான் பாடமாக்கிய வரி. மூன்று வேறு பொருட்களை ஒன்றாக்கி வைத்திருக்கிறேன்.

சரியானது இதுதான்.

பயோஸ் ஒரு மென்பொருள். தாய்ப்பலகையிலுள்ள சிப் ஒன்றில் பதிந்திருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. பட்டனை அமத்தியதும் முதலில் எழும்புவது அதுதான். நினைவகம், விசைப்பலகை எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, வன்தட்டிலுள்ள பணிசெயல் முறைமையை எழுப்பிப் பொறுப்பைக் கொடுத்துவிடும். இதற்குத்தான் பூட்டிங் என்று பெயர். புதிய கணினிகளில் அதன் இடத்தில் யூஈஎஃப்ஐ இருக்கிறது. பழக்கத்தில் அதையும் பயோஸ் என்றே சொல்கிறோம்.

சீமாஸ் என்பது உண்மையில் சிப் செய்யும் ஒரு முறையின் பெயர். 1984இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியில், அந்த முறையில் செய்த சிறு நினைவகத்தில் திகதியையும் அமைப்புகளையும் வைத்தார்கள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கணினி நிறுத்தியிருக்கும்போது அதற்கு உயிர் கொடுப்பது வட்டப் பற்றரி. சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீற்றர் விட்டம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அது தீர்ந்தால் கணினி திகதியை மறந்துவிடும். திகதி பிழைத்தால், இணையத்தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி திறக்க மறுக்கும்.

வாப்பாவைப் பெட்டியோடு பாடசாலைக்கு வரச் சொன்னேன். மின்வயரைக் கழற்றிவிட்டுப் பற்றரியை மாற்றினோம். திகதியைச் சரிசெய்தோம். அடுத்த நாளும் திகதி சரியாகவே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

"இவ்வளவுதானா சேர்?" என்றார் அவர். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் என்னைப் போன்ற ஓர் ஆசிரியரிடம் படித்தவராக இருக்கலாம்.

திங்கட்கிழமை வகுப்பில் அந்த வரியை வெட்டச் சொன்னேன். என்னிடம் முன்பு படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், நீங்களும் வெட்டிவிடுங்கள்.

கழற்றிய பற்றரியைச் சிறு பிள்ளைகளின் கையில் படாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.