பூச்சி உருண்டையும் ஒரு பிள்ளையும்

வலப்பனைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் பல ஆண்டுகளுக்கு முன் கண்டது இது. பூச்சி உருண்டையிட்டு வைத்திருந்த துணியில் ஓர் இளந்தாய் தன் பச்சிளம் மகனைச் சுற்றியிருந்தார். பிள்ளையின் கண்கள் மஞ்சளித்திருந்தன. இளவெயில் காட்டினால் போய்விடும் என்றனர் அயலார். அவரோ வைத்தியசாலைக்கு ஓடினார், பிள்ளை பிழைத்தது.

குருதிச் சோதனையில் ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாடு தெரிந்தது. இக்குறை உள்ளோருக்கு நப்தலீன் உருண்டையும், பிரைமாகுயின் போன்ற சில மருந்துகளும் செங்குருதிக் கலங்களை உடைத்துவிடக்கூடும். பச்சிளம் பிள்ளைக்கு மஞ்சள் மிகுந்தால் மூளையும் செவியும் பழுதாகும்.

"எம் ரத்தத்துல குத்தமுங்களா ஐயா?" என்று அத்தாய் கேட்டார். குற்றமில்லை. தாய்வழி மகனுக்கு வரும் இக்குறை, மலேரியா மலிந்திருந்த நாடுகளில் பரவலானது. அக்காய்ச்சலிலிருந்து ஓரளவு காத்ததே அதற்குக் காரணம் என்பர் அறிஞர். இலங்கை மலேரியா அற்ற நாடென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. குறை மட்டும் தலைமுறைகளாய்த் தொடர்கிறது.

சிங்கப்பூரில் 1965 முதல் தொப்புள்கொடிக் குருதியிலேயே இதைச் சோதிக்கின்றனர். நம் பெற்றோர் பலர் இதன் பெயரையே கேட்டதில்லை. அந்தத் தாய் வேலைக்குத் திரும்பிய நாளில், விலக்க வேண்டியவற்றை எழுதிய தாளைப் பிள்ளைக்காம்பராவில் கொடுத்த பின்பே கொழுந்துக் கூடையைத் தூக்கினார். அறிந்துகொண்ட தாய் செய்தது அவ்வளவுதான், அதுவே போதுமாயிருந்தது.