வெள்ளை ஈ கழித்த இனிப்பு

பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி நோக்கி நீளும் தென்னந்தோப்புகளில் ஓலைகள் கருமை படிந்து நிற்பது பலரும் கண்ட காட்சி. மத்திய அமெரிக்காவைப் பூர்விகமாகக் கொண்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, இந்தியாவிலேயே முதன்முறையாக 2016இல் பொள்ளாச்சி, பாலக்காடு பகுதிகளில்தான் பதிவானது. கருத்த ஓலையைக் கண்ட உழவரின் முதற்கேள்வி, எந்த மருந்தை அடிப்பது என்பதே. அதற்கான விடை பூச்சியின் குடலுக்குள் இருக்கிறது.

இலையின் அடிப்புறத்தில் அமரும் வெள்ளை ஈ, ஊசி போன்ற வாயுறுப்பால் புளோயத்தை எட்டுகிறது. அங்கு ஓடும் சாற்றில் சுக்ரோஸ் மிகுதி. அமினோ அமிலங்களோ சொற்பம். வளர்ச்சிக்குத் தேவையான நைட்ரஜனைப் பெறப் பூச்சி பெருமளவு சாற்றைக் குடித்தாக வேண்டும். ஆனால் சாற்றின் சவ்வூடு பரவல் அழுத்தம் பூச்சியின் குருதியினுடையதைவிடப் பல மடங்கு அதிகம். குடலில் தேங்கும் சர்க்கரை உடலின் நீரை ஈர்த்துக்கொண்டால், பூச்சி குடிக்கக் குடிக்க உலர்ந்துபோகும்.

சாறுண்ணிப் பூச்சிகள் இவ்விடரை வேதியியலால் கடக்கின்றன. குடல் நொதி சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. வேண்டிய அளவு குடற்சுவர் வழியே உட்செல்கிறது. நெற்பயிரைத் தாக்கும் புகையானின் குடலில் குளுக்கோஸைக் கடத்தும் புரதம் ஒன்று 2007இல் விவரிக்கப்பட்டது. எஞ்சும் குளுக்கோஸ் நீண்ட சங்கிலிகளாகக் கோக்கப்படுகிறது. மூலக்கூறுகளின் எண்ணிக்கை குறைய, அழுத்தமும் தணிகிறது. மிகுந்த இனிப்பு தேன்துளிகளாக வெளியேறுகிறது.

அத்துளிகள் கீழடுக்கு ஓலைகளின் மேற்பரப்பில் சிந்த, அவற்றின்மேல் கரும்பூசணம் படர்கிறது. அது இலைக்குள் நுழைவதில்லை. வெயிலை மறைத்து ஒளிச்சேர்க்கையைக் குறைக்கிறது. பூச்சி உறிஞ்சிய சர்க்கரை ஓர் இழப்பு. அது கழித்த சர்க்கரை மற்றோர் இழப்பு.

பூச்சிக்கொல்லி இந்தக் கருமையை அகற்றாது. மாறாக, வெள்ளை ஈயின் இளம்பருவங்களை இயற்கையாகவே அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்குளவியைக் கொன்றுவிடும். எனவேதான் விசையுடன் நீர் பீய்ச்சுதல், மஞ்சள் ஒட்டுப்பொறி, குளவியைப் பேணுதல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. மைதாப் பசைக் கரைசலைத் தெளித்தால், அது காய்ந்து உதிர்கையில் பூசணமும் சேர்ந்து உரிந்துவிழும்.

இடுக்கி எல்லையில், போடிமெட்டு தாண்டிய ஏலத்தோட்டங்களில் கணக்கு வேறு. அங்கு அசுவினி குடிக்கும் சாற்றைவிட, அது பரப்பும் வைரஸால் வரும் கட்டே நோயே பெருங்கேடு. நோய் பரவச் சிறுபொழுது குத்தினாலே போதும் என்பதால், மருந்து வினைபுரியும் முன்பே கேடு நிகழ்ந்துவிடும். நோயுற்ற தூரைக் கண்டவுடன் வேரோடு அகற்றுவதே அங்கு முதற்காப்பு.

இரண்டும் சாறுறிஞ்சும் பூச்சிகளே. ஆயினும் தென்னையில் கேடு கழிவின் வழியாகவும், ஏலத்தில் ஊசிமுனையின் வழியாகவும் வருகிறது. இவ்வேறுபாடு ஆய்வேடுகளைத் தாண்டி உழவரை எட்டாதவரை, அவர் மருந்துக்குச் செலவிடும் பணம் நட்பூச்சிகளையே அழித்துக்கொண்டிருக்கும்.