முளைக் கேழ்வரகும் 30 லிட்டரும்

“மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாருங்க தம்பி” என்றார் அந்த அக்கா. விட்டேன். கதகதவென்று இருந்தது. வெயிலில் கிடந்த மூட்டை அல்ல அது. சமையற்கட்டு மூலையில், ஈரச் சாக்குக்கு அடியில் இருந்தது. முளைவிடும் தானியம் மூச்சு விடுகிறது, அந்த மூச்சில் சூடு ஏறுகிறது. கவனிக்காமல் விட்டால் மூட்டையின் நடுப்பகுதி புளித்துவிடும். அதனால் சூடு கைக்கு உறைக்கிறபோது மூட்டையை அவிழ்த்து, கிளறி, தண்ணீர் தெளித்து மறுபடி கட்டுகிறார். தெர்மாமீட்டர் கிடையாது. கைதான்.

காரைக்குடியை அடுத்து, சாக்கோட்டைப் பக்கத்து ஊர் அது. சத்து மாவுக்காகக் கேழ்வரகு முளைகட்டி, காய வைத்து, அரைத்து விற்கிறார். சாயங்காலம் ஊறப்போட்டு, காலையில் வடித்து, பழைய வேட்டித் துணியில் கட்டுகிறார். சித்திரையில் சீக்கிரம் முளைத்துவிடும், மார்கழியில் இழுக்கும். முதலில் எட்டிப் பார்ப்பது வேர். அதைப் பார்த்து அவசரப்பட்டால் உள்ளே தானியம் கல்லாகவே இருக்குமாம். நகத்தால் நசுக்கினால் மாவாக இழைய வேண்டும். அதன் பிறகு மொட்டை மாடி வெயிலில் ஒரு முழு நாள். காய்ந்ததும் உள்ளங்கையால் தேய்த்து, சுளகில் புடைத்தால் வேர் தூசியாகப் பறந்துவிடும். கடைசியில் இருப்புச் சட்டியில் வறுத்து மில்லுக்கு அனுப்புகிறார்.

எனக்கு வேண்டியது வறுப்பதற்கு முந்தைய கட்டம். எதற்கு வறுக்கிறீர்கள் என்று கேட்டேன். “வறுக்காட்டி பச்ச வாடை போகாது, வண்டு வச்சிரும். இன்னொண்ணு, வறுக்காத மாவுல கூழு காய்ச்சுனா நிக்காது, தண்ணியாப் போயிரும்.” கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் அந்தக் குணத்தை உபயோகப்படுத்திக்கொள்வதும் உண்டாம். கெட்டியாகக் காய்ச்சிய கூழில் வறுக்காத முளைமாவு ஒரு சிட்டிகை போட்டால், கண்ணெதிரே இளகிக் குழந்தை விழுங்குகிற பதத்துக்கு வந்துவிடும்.

நான் தேடிப் போனது இந்த ஒரு சிட்டிகையைத்தான். முளைக்கும்போது தானியம் தன் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிக்கொள்ள அமிலேஸ் என்ற நொதிகளைத் தயார் செய்கிறது. கூழை இளக்குவது அவைதான். வறுத்தால் அவை செத்துப்போகும். பீர் காய்ச்சுகிறவன் செய்வதெல்லாம், அவற்றைச் சாகவிடாமல் வெந்நீரில் ஒரு மணி நேரம் வேலை வாங்கி, கிடைத்த சர்க்கரைத் தண்ணீரை ஈஸ்டுக்குக் கொடுப்பது. முழுத் தானிய பீர் என்றால் இவ்வளவுதான். டின்னில் அடைத்த மால்ட் (முளைத் தானிய) பாகைக் கரைத்துக் காய்ச்சுகிற குறுக்கு வழியும் உண்டு. அது நூடுல்ஸ் சமையல்.

முளையைக் கொண்டு மது காய்ச்சுவது எங்கோ ஐரோப்பாவில் பிறந்த வித்தை என்று நினைப்பவர்கள், 1889-ல் உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்த பத்துப்பாட்டை எடுத்து, பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு வருகிற இடத்தைப் படிக்கலாம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் செய்முறையையே சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பாத்திரத்தில் ஆறவிட்டு, இடித்த நெல்முளையைக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு வைத்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். சுட்ட மீனோடு விருந்தாளிக்குக் கிடைக்கிறது. ஆற விட வேண்டும் என்பதை அவர் மறக்காமல் சொல்வதுதான் என்னை நிறுத்தியது. கொதிக்கக் கொதிக்க முளையைப் போட்டால் காரியம் கெடும் என்பது சமைத்துப் பார்த்தவருக்கோ, சமைத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்கோதான் தெரியும்.

இன்று அதைச் செட்டிநாட்டில் செய்து பார்க்க முடியாது. 1937-ம் ஆண்டின் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டு அடுப்பில் ஐந்து லிட்டர் என்றாலும் குற்றம்தான். 1987 முதல் கள்ளும் இல்லை. 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். சாராயத்தால் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்தவன் என்பதால் சட்டத்தைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கேழ்வரகை ஊறவைத்துப் புளிக்கவிடுவதையும், வெல்ல ஊறலைக் காய்ச்சி வடிப்பதையும் ஒரே கண்ணால் பார்க்கிற சட்டம் இது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே மீதிக் கதைக்குக் கப்பல் ஏற வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது புது வழியும் அல்ல. செட்டிநாட்டு வணிகர்கள் கட்டிய சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-லேயே வந்துவிட்டது. சித்தப்பா மகன் அங்கே செங்காங்கில், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடியில் இருக்கிறான். சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் வீட்டு உபயோகத்துக்கு மாதம் ஒரு வீட்டுக்கு 30 லிட்டர் வரை பீர், ஒயின் போன்றவற்றைப் புளிக்க வைத்துக்கொள்ளலாம், உரிமம் தேவையில்லை. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. தம்பி காய்ச்சுவது ஒரு தடவைக்கு ஐந்து லிட்டர். “முப்பது லிட்டருக்கு எங்க வீட்ல பாத்திரம் வைக்க இடம் ஏதுண்ணே?”

அவன் இதற்குப் புதுசு. கணினி வேலை. தேக்கா சந்தையில் கேழ்வரகு வாங்கி, அக்காவிடம் நான் கேட்டு எழுதி அனுப்பியபடி முளைகட்டியிருந்தான். காய வைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் ஊர் வெயில் ஒரு பகலில் செய்து முடிப்பதைச் சிங்கப்பூர் ஈரக்காற்று செய்ய மறுக்கிறது. கடைசியில் மின்விசிறியடியில் பரப்பி, பிறகு ஓவனை 50 டிகிரியில் வைத்து, அரைக் கதவு திறந்து காய வைத்திருக்கிறான்.

காய்ச்சுகிற அன்று அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே பாதி நாள் கழுவுவதில் போனது. தானியத்திலிருந்து வடித்த சர்க்கரைத் தண்ணீரை, அதாவது கஷாயத்தை, கொதித்து ஆறிய பிறகு எவையெல்லாம் தொடுமோ, அவை அத்தனையும் கிருமிநாசினியில் முங்கி எழ வேண்டும். வாளி, குழாய், மூடி, கரண்டி எல்லாம். இதில் அவன் மனைவி அவனைவிடக் கறார். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக் கடாசியது அவள்தான். கீறலுக்குள் ஒளிந்திருக்கிற கிருமியைக் கழுவி எடுக்க முடியாது.

எட்டு லிட்டர் தண்ணீர். ஒரு கிலோ பார்லி மால்ட், 300 கிராம் கேழ்வரகு முளை, இரண்டும் ரவையைப் போல உடைத்தது. தண்ணீர் 70 டிகிரி தொட்டதும் மெல்லிய துணிப்பைக்குள் தானியத்தைக் கொட்டி முக்கினான். சூடு 66-க்கு இறங்கியது. பானையைக் கம்பளியால் சுற்றி ஒரு மணி நேரம் விட்டோம். அந்த 66-ல்தான் எல்லாம் இருக்கிறது. நாலு டிகிரி குறைந்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை கூடி, பீர் வறண்டு மெலிதாக வரும். நாலு டிகிரி ஏறினால் ஈஸ்டால் தின்ன முடியாத சர்க்கரை மிஞ்சி நாக்கில் கனக்கும். 75-ஐத் தாண்டி நின்றால் நொதிகள் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். சாக்கோட்டை அக்காவின் கை மாதிரி தன் கையும் ஒரு நாள் பழகிவிடும் என்று தம்பி சொன்னான். எனக்கு நம்பிக்கை இல்லை. 66 டிகிரித் தண்ணீரில் யாரும் கையை வைத்துப் பழக முடியாது.

ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு எடுத்து, அதில் அயோடின் விட்டான். நீலக் கறுப்பாக மாறினால் மாவு இன்னும் உடையவில்லை என்று அர்த்தம். ஓரத்தில் லேசாக நீலம் தட்டியது. இன்னும் கால் மணி நேரம் காத்தோம். பையைத் தூக்கி வடியவிட்டபோது வேறொரு சங்கடம். பார்லிக்கு உமி உண்டு, அந்த உமி வடிகட்டியாக வேலை செய்யும். கேழ்வரகுக்கு அது இல்லை. குழைந்து துணிக் கண்களை அடைத்துக்கொண்டது. பிழிந்து பிழிந்து எடுத்தோம். மிஞ்சிய சக்கையில் அவன் மனைவி அடை வார்த்தாள். நல்ல மணம், ஆனால் பார்லி உமி பல்லிடுக்கில் சிக்கி அன்று முழுவதும் தொந்தரவு.

கஷாயம் கொதித்ததும் பத்து கிராம் ஹாப்ஸ். இந்தப் பூவின் கசப்பு கொதிக்கக் கொதிக்கத்தான் இறங்கும். இனிப்பைச் சமன் செய்வதோடு, கெடுக்கும் பாக்டீரியாக்களையும் ஓரளவு தடுத்து வைக்கும். ஒரு மணி நேரக் கொதிப்பில் எட்டு லிட்டர் ஐந்துக்குச் சுண்டியது. சிங்க்கில் ஐஸ்கட்டிகளைக் கொட்டி அதற்குள் பானையை வைத்து ஆற்றினான்.

வெப்ப நாட்டில் புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் தடுமாறும் இடம் அடுத்தது. வழக்கமான ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்யும். 30 டிகிரி அறையில் விட்டால் வார்னிஷ் வாடையும் மறுநாள் தலைவலியும்தான் மிச்சம். அதற்காகப் பழைய ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் உண்டு. தம்பி வாங்கியது குவைக். நார்வேயின் வோஸ் பகுதிப் பண்ணை வீடுகளில், மர வளையத்திலும் துணியிலும் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த ஈஸ்ட் அது. 35, 40 டிகிரியிலும் கோணாமல் வேலை செய்யும். பனி நாட்டு விவசாயி பாதுகாத்து வைத்த ஈஸ்ட் நம்முடைய சூட்டுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். காரைக்குடி மொட்டை மாடி அறையில்கூட இது நுரைக்கும். அங்கேயே சம்பை ஊற்றுத் தண்ணீரில் காய்ச்சிப் பார்க்க ஆசை என்றான் தம்பி. சட்டத்தை நினைவூட்டினேன்.

ஈஸ்ட் போட்ட மறுநாள் காலையில் மூடிக் குழாயில் குமிழ்கள் விடாமல் கிளம்பிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் அடங்கிவிட்டன. ஹைட்ரோமீட்டரில் தொடக்க அடர்த்தி 1.044, முடிவில் 1.010, கணக்குப் போட்டால் ஆல்கஹால் ஏறக்குறைய நாலரை சதவீதம். 1.050-ல் தொடங்கும் என்று எதிர்பார்த்திருந்தான். சில நாள் தெளியவிட்டு, லிட்டருக்கு ஆறு கிராம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்தான். சர்க்கரையை அவன் தராசில் நிறுத்ததைப் பார்த்து நான் சிரித்தேன். கைக்கணக்கில் போட்டால் பாட்டில் வெடிக்கும் என்றான். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காரைக்குடியில் இருந்தபோது அவன் கூப்பிட்டான். நிறம் செம்மண் தண்ணீர் மாதிரி, நுரை வந்த வேகத்தில் அடங்கிவிடுகிறது, குடித்து முடித்த பிறகு கேழ்வரகின் மண்வாசனை நாக்கில் நிற்கிறது. அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் மனைவிக்குப் பிடிக்கவில்லை. முன்பு பார்லி மட்டும் போட்டுக் காய்ச்சியதுதான் நன்றாக இருந்தது என்கிறாள். அடர்த்தி எதிர்பார்த்த அளவுக்கு வராததற்கும் அவனிடம் பதில் இருந்தது. கேழ்வரகின் மாவுச்சத்து வேக, பார்லியைவிடக் கூடுதல் சூடு வேண்டும். 66 டிகிரியில் அதில் ஒரு பகுதி அரைவேக்காடாகவே நின்றிருக்கும். அடுத்த தடவை முளைகட்டாத கேழ்வரகு மாவை முதலில் களியாகக் கிண்டப் போகிறான். அது 67 டிகிரிக்கு ஆறிய பிறகுதான் பார்லி முளையைச் சேர்ப்பானாம்.