சொமந்தவன் பேரு

எங்கப்பனுக்குக் கடலைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. குருபரப்பள்ளியிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் முப்பது வருஷம் சம்மட்டி பிடித்த ஆள். இருமல்தான் மிச்சம். சிப்காட் வந்து எங்கள் பக்கம் கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன. அதில் ஏற அவருக்கு வயசு தாண்டிவிட்டது.

கடற்கரைக் கோயில் முன்னால் நின்று, எம்.ஏ. தமிழ் படித்த மிதப்பில் அளக்க ஆரம்பித்தேன். இராஜசிம்ம பல்லவன், எட்டாம் நூற்றாண்டு, 1984இல் யுனெஸ்கோ பட்டியல். அவர் காதில் வாங்கவே இல்லை. ஐந்து ரதங்கள் இருந்த இடத்திலேயே பாறையைச் செதுக்கியவை, இது கல்லை வெட்டிக் கொண்டுவந்து அடுக்கியது என்றபோதுதான் கடலை விட்டுத் திரும்பினார்.

"அப்போ இத்தினி கல்லையும் சொமந்தாங்களா?"

குன்றுப் பக்கம் பாதியில் விட்ட பாறை ஒன்றில் வரிசையாகச் சதுரக் குழிகள். டூரிஸ்டுகள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தார். "கையால போட்ட குழிடா. மிஷின் குழி ரவுண்டா இருக்கும். எல்லா ஆப்பையும் ஒரே சீரா அடிக்கணும். ஒண்ணுல ஓங்கிப் போட்டா கல்லு கோணப் பொளந்துரும். அப்புறம் மேஸ்திரிகிட்ட யாரு பேச்சு வாங்கறது?" பல்லவருக்குப் பிறகும் அங்கே கல் உடைத்திருக்கிறார்கள். எந்தக் காலத்துக் குழியானாலும் அவருக்கு ஒன்றுதான்.

நம் ஆராய்ச்சியாளர்களின் சண்டையெல்லாம் எந்த ராஜா என்பதில்தான். எல்லாமே இராஜசிம்மன் செய்தது என்று 1962இல் இரா. நாகசாமி எழுதினார், மற்றவர்கள் மறுத்தார்கள். இத்தனைக்கும் பக்கத்துப் பூஞ்சேரியில் ஒரு பாறையில் வேலை செய்தவர்களின் பேர்களே வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன்...

அதே பூஞ்சேரியில் குடியிருக்கும் நரிக்குறவப் பெண் ஒருவர், மாமல்லபுரத்துப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் உட்காரவிடாமல் விரட்டியதைச் சொன்ன வீடியோ 2021இல் பரவியது. பிறகு அமைச்சர் வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பரில் முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்லதுதான். பட்டா 2021இல் என்றால் அதுவரைக்கும் அவர்கள் நின்ற மண் யாருடையதாக இருந்தது?

அப்பனுக்குப் பாறையில் உள்ள பேர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"தச்சன் பேரு இருக்குது, கொல்லன் பேரு இருக்குது. கல்லு சொமந்தவன் பேரு?"

"இல்லப்பா."

"எப்படிடா இருக்கும்? குவாரியில மஸ்டர் நோட்டுலயே எங்க பேரு கெடையாது. ஆள் கணக்கு மட்டும்தான். இன்னிக்கு எட்டு ஆளு, நாளைக்கு ஆறு ஆளு."

திரும்பவும் கடலுக்குப் போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலையில் இறங்கினார். உப்புக் காத்து நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது என்றார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் கரையில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.